கார் இல்லாமல் கடலோரத்தில் முதுமை: வெளிநாட்டில் ஊர் தேடுவோருக்கு

நாங்கள் முதலில் எடுத்த வீட்டிலிருந்து கடல் தெரிந்தது. மலேசியாவின் பினாங்குத் தீவில், பத்து பெரிங்கி என்னும் கடற்கரைப் பகுதிக்குப் போகும் சாலையோரம் மலைச்சரிவில் கட்டிய அடுக்குமாடி. 14ஆவது மாடி. காலையில் திரையை விலக்கினால் கண்ணெட்டும் தூரம் நீலம். ஓய்வுக்காலத்தைக் கழிக்க ஏற்ற ஊர்தானா என்று பார்க்க, ஒரு மாத ஒத்திகைக்காக எடுத்த அந்த வீட்டை ஒன்பதாவது நாளே காலி செய்தோம். பால் வாங்கும் கடை 400 மீட்டர் தூரம்தான். ஆனால் அந்த 400 மீட்டரும் வளைந்து வளைந்து போகும் சாலை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கடல், பாதி வழியில் நின்றுவிடும் நடைபாதை. பேருந்து நிறுத்தமோ எதிர்ப்பக்கம். கடக்க சிக்னல் கிடையாது. என் கணவருக்கு அப்போது 66 வயது, முழங்கால் தேய்மானம். கடலைப் பார்த்தபடி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தோம்.

பத்தாவது நாள் அதே தீவில் புலாவ் திக்குஸ் என்னும் பகுதிக்கு மாறினோம். நான்காவது மாடி, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கடல் தெரியாது. ஆனால் சந்தை ஐந்து நிமிட நடை, மருந்துக்கடை மூன்று நிமிடம், கர்னி டிரைவ் கடற்கரை நிதானமாக நடந்தால் கால் மணி நேரம். அந்த மூன்று வாரத்தில் கடலைப் பார்க்காத மாலை ஒன்றுகூட இல்லை.

26 ஆண்டு சிங்கப்பூரில் கார் இல்லாமலேயே வாழ்ந்தவர்கள் நாங்கள். அதனால் எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தோம். அந்த ஒன்பது நாள்தான் கற்றுக்கொடுத்தது: கார் இல்லாதவருக்கு ஊர் என்பது தன் வாசலைச் சுற்றியுள்ள 800 மீட்டர். அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் பேருந்தோ ரயிலோ கொண்டுவந்து தந்தால்தான் உண்டு. ஊரின் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு வாசலைத் தேடுங்கள். அதை எப்படிச் செய்வது என்று எங்கள் அனுபவத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், இப்போது இருக்கும் வீட்டில் ஒரு மாதக் கணக்கு

வரைபடத்தைத் திறப்பதற்கு முன் சமையலறையில் ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். ஒரு மாதம், யார் எதற்காக வாசலைத் தாண்டினாலும் ஒரு வரி எழுதுங்கள். எங்கள் நோட்டில் சந்தையும் மளிகையும் 14 முறை, மருந்துக்கடை 3, மருத்துவர் 4, கோயில் 5, வங்கி 1, நூலகம் 6, மாலை நடை ஏறக்குறைய தினமும். விமான நிலையம் பூஜ்யம். ஆனால் ஊர் தேடத் தொடங்கியபோது நாங்கள் முதலில் பார்த்தது விமான நிலையம் எவ்வளவு தூரம் என்பதைத்தான். ஆண்டுக்கு இரண்டு முறை போகும் இடத்துக்கு டாக்சி வைத்துக்கொள்ளலாம். மாதம் 14 முறை போகும் இடத்துக்கு நடந்து போக முடியவேண்டும்.

இந்தக் கணக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் வேறாக இருக்கும். நீச்சல் அடிப்பவருக்குக் கடல் தினசரித் தேவை, காற்று வாங்க மட்டும் வேண்டுபவருக்குக் கடலோர நடைபாதை போதும். அதனால் அடுத்தவர் எழுதிய 'சிறந்த பத்து ஊர்கள்' பட்டியலை நம்பி இறங்காதீர்கள்.

கடலோரத்தில் ஓடும் தடம் எது?

கடற்கரை ஊர்களுக்கு ஒரு பொதுவான அமைப்பு உண்டு. பின்னால் மலை, முன்னால் கடல், நடுவில் நீளமாக ஒரே சாலை. இது வரமாகவும் அமையும், சிக்கலாகவும் முடியும். அந்த நீளக்கோட்டில் ரயிலோ டிராமோ ஓடினால் வரம்: ஒரே தடத்தில் சந்தை, மருத்துவமனை, கடற்கரை எல்லாம் வந்துவிடும். வெறும் சாலை மட்டும் இருந்தால், விடுமுறை நாளில் அது அடைத்துக்கொள்ளும்போது உங்கள் பேருந்தும் சேர்ந்து நிற்கும்.

ஸ்பெயினில் அலிகான்டே நகரம் நல்ல எடுத்துக்காட்டு. ஊரின் நடுவே லூசெரோஸ் நிலையத்தில் நிலத்தடியில் ஏறினால், டிராம் மைய அங்காடியைத் தொட்டு, கடற்கரையோரமாகவே எல் காம்பெல்யோ, பெனிடோர்ம் என்று போகிறது. பெனிடோர்மில் மாறினால் தேனியா வரை போகலாம். மாலகாவில் சி1 என்னும் புறநகர் ரயில் விமான நிலையத்தையும் டோரெமோலினோஸ், பெனால்மாதெனா, ஃபுவென்கிரோலா ஊர்களையும் ஒரே கோட்டில் கோக்கிறது. போர்ச்சுகலில் லிஸ்பனிலிருந்து காஷ்காய்ஷ் வரை ஏறத்தாழ 26 கிலோமீட்டர், 40 நிமிடப் பயணம். 1889இலிருந்து இருக்கும் தடம் அது. பெரும்பகுதி தண்ணீரை ஒட்டியே ஓடும். எஸ்தோரிலுக்கும் காஷ்காய்ஷுக்கும் இடையே கடலோரமாக நடந்தே போகலாம், வண்டிகள் வராத பாதை.

ஐரோப்பிய ஓய்வூதியமோ பிரிட்டிஷ் ஓய்வூதியமோ பெறும் நம்மவர்களுக்கு இந்த மூன்றும் பார்க்கத்தக்கவை. நடக்கவும் ஏறி இறங்கவும் வசதி என்று மட்டும் பார்த்தால் பினாங்கைவிட இவை ஒரு படி மேல் என்றே சொல்வேன். நாங்கள் பினாங்கைத் தேர்ந்தெடுத்த காரணம் வேறு, பின்னால் சொல்கிறேன்.

பினாங்குத் தீவில் இன்று ரயில் இல்லை. ராபிட் பினாங்கு பேருந்துகள்தான். வடக்குக் கடற்கரைக்கு 101 எண் பேருந்து ஜெட்டி என்னும் படகுத்துறையில் புறப்பட்டு கொம்தார் பேருந்து நிலையம் வழியாக தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பகாங் என்று போகிறது. மலேசிய நிலப்பகுதிக்குப் போக ஜெட்டியிலிருந்து ஃபெரி. 2023 ஆகஸ்டிலிருந்து புதிய படகுகள் ஓடுகின்றன. அவற்றில் கார் ஏற்றுவதில்லை, நடந்து வருவோரும் இருசக்கர வண்டிகளும் மட்டுமே. அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்கினால் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே ரயில் நிலையம். ஈடிஎஸ் என்னும் மின்சார ரயில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர் சென்ட்ரலில் விடும். வீட்டு வாசலிலிருந்து தலைநகர் வரை காரே இல்லாமல் போய்ச் சேரும் இந்த வழியை ஒருமுறை முழுதாகப் போய்ப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. தீவில் 'முத்தியாரா' என்னும் இலகுரயில் தடத்தின் வேலை 2025இல் தொடங்கியிருக்கிறது. முடிய 2031 ஆகும் என்கிறார்கள். வீட்டுத் தரகர்கள் "நிலையம் பக்கத்திலேயே வருது" என்பார்கள். 65 வயதில் வீடு எடுப்பவர் வரப்போகும் ரயிலை நம்பி எடுக்கக் கூடாது. இன்று ஓடும் பேருந்தைக் கணக்கில் வையுங்கள். ரயில் வந்தால் லாபம்.

பேருந்தை எடைபோடும்போது எத்தனை தடங்கள் என்று எண்ணாதீர்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, கடைசிப் பேருந்து எப்போது, ஞாயிற்றுக்கிழமை என்ன நிலை, நிறுத்தத்தில் கூரையும் உட்கார இடமும் உண்டா என்று பாருங்கள். 15 நிமிடத்துக்கு ஒன்று என்று தாளில் இருக்கும் பேருந்து, நெரிசல் நேரத்தில் இரண்டு சேர்ந்தாற்போல் வந்துவிட்டு அப்புறம் அரை மணி நேரம் வராமல் போகும். எந்த நாட்டிலும் இது நடப்பதுதான். அந்த அரை மணி நேரத்தை நிழலில் உட்கார்ந்து கழிக்க முடியுமா என்பதே கேள்வி. இன்னொன்று: மாறி ஏறவேண்டிய இடம் ஒன்று கூடினாலே முதியவர் வெளியே கிளம்புவது பாதியாகக் குறைந்துவிடும். எங்கள் இருவரிடமும் இதைக் கண்கூடாகப் பார்த்தேன்.

800 மீட்டர் நடைச் சோதனை

இதைத்தான் நீங்கள் எல்லாவற்றையும்விட நேரம் ஒதுக்கிச் செய்யவேண்டும். வீட்டைப் பார்க்கப் போகும்போது தரகரின் காரில் போகாதீர்கள். பேருந்தில் போய் இறங்கி நடந்து போங்கள். "வெயில்ல நடக்காதீங்க ஆன்ட்டி, நானே கொண்டுபோய் விடுறேன்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். காரில் போனால் அந்த வாசலில் நீங்கள் தினமும் படப்போகும் பாடு ஒன்றும் தெரியாது.

வீடு பிடித்திருந்தால் அங்கிருந்து நடையைத் தொடங்குங்கள். நேரம் காலை பதினொரு மணி. பினாங்கில் பகல் வெப்பம் ஆண்டு முழுக்க 31, 32 டிகிரியைத் தொடும், காற்றிலும் ஈரம். கையில் பை, பையில் ஐந்து கிலோ எடை. நாங்கள் சந்தையில் அரிசியே வாங்கித் தூக்கி வந்தோம். வீட்டிலிருந்து சந்தை, சந்தையிலிருந்து மருந்துக்கடை, அங்கிருந்து பேருந்து நிறுத்தம், திரும்ப வீடு. ஒரு சிறு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை இடத்தில் சாலையைக் கடந்தீர்கள், அதில் எத்தனையில் சிக்னல் இருந்தது, பச்சை விளக்கு எரியும் நேரத்துக்குள் அவசரப்படாமல் அக்கரை சேர முடிந்ததா, நடைபாதையிலிருந்து எத்தனை முறை சாலையில் இறங்கவேண்டி வந்தது, உட்கார எத்தனை இடம், கழிப்பறை எங்கே.

கழிப்பறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் வயதானவர் எவ்வளவு தூரம் நடப்பார் என்பதைப் பல நாள்களில் கால் முடிவு செய்வதில்லை, சிறுநீர்ப்பைதான் முடிவு செய்கிறது. சுத்தமான பொதுக் கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நடை தானாக நீளும். ஸ்பெயினில் ஒரு காபி வாங்கினால் கஃபேயின் கழிப்பறையைப் பயன்படுத்தலாம். பினாங்கில் பேரங்காடிகளும் உணவங்காடிகளும் கைகொடுக்கும். சில இடத்தில் சிறு கட்டணம் கேட்பார்கள், சில்லறை வைத்திருங்கள். பேருந்துக்கும் சில்லறை வேண்டும், பணமாகக் கொடுத்தால் ஓட்டுநர் மீதி தரமாட்டார்.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களில் கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரையிட்ட நடை இருக்கும். மலாயில் 'காக்கி லீமா' என்பார்கள். வெயிலுக்கும் மழைக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் பல இடங்களில் கடைக்காரர் சாமான், மோட்டார் சைக்கிள், சுவர் என்று அடைத்திருக்கும். ஒவ்வொரு கடைவீட்டுக்கும் தரை உயரம் வேறு வேறு, ஒரு படி ஏறி ஒரு படி இறங்கிப் போகவேண்டும். இளையவர் இதைக் கவனிக்கவே மாட்டார். கைத்தடி ஊன்றுபவருக்கு ஒவ்வொரு படியும் ஆபத்து. 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்தத் தெருக்களின் அழகு என் மனத்தைவிட்டுப் போகாது. இருந்தும் 75 வயதுக்கு மேல் குடியிருக்க அவற்றை நான் சொல்லமாட்டேன். வாரம் ஒருமுறை போய் வரலாம்.

இந்த நடையை மூன்று முறை செய்யுங்கள். ஒன்று வெயிலில், ஒன்று இரவு எட்டு மணிக்கு, ஒன்று மழையில். மழை நடையைத் தவிர்க்கத் தோன்றும், தவிர்க்காதீர்கள். எந்தச் சந்து ஓடையாகிறது, எந்தத் தரை ஓடு வழுக்குகிறது என்பது அன்றுதான் தெரியும்.

பினாங்கில் இந்தச் சோதனையில் எங்களுக்குக் கிடைத்த முடிவு இது. புலாவ் திக்குஸ் தேறியது. ஜாலான் பர்மாவை ஒட்டிய தெருக்கள் பெரும்பாலும் சமதளம், பேருந்துகள் உண்டு, காலைச் சந்தை உண்டு, பர்மியக் கோயிலும் சயாமியக் கோயிலும் எதிரெதிரே இருக்கும் மர நிழல் சந்து மாலை நடைக்கு உகந்தது. தஞ்சோங் தோக்கோங் பகுதியில் தெருவுக்குத் தெரு மாறுகிறது. கடலைத் தூர்த்து எழுப்பிய புதிய பகுதிகளில் நடைபாதை அகலம், ஆனால் மரம் இன்னும் வளரவில்லை, பகலில் நடக்க முடியாது. தஞ்சோங் பூங்காவில் சந்தைக்குப் பக்கத்தில் எடுத்தால் சமாளிக்கலாம், மேட்டில் எடுத்தால் முடியாது. பத்து பெரிங்கி விடுமுறைக்கான இடம். கார் இல்லாமல் அங்கே முதுமையைக் கழிக்க ஆசைப்படாதீர்கள்.

மோசமான மாதத்தில் போங்கள்

ஊர் அழகாக இருக்கும் மாதத்தில் போனால் எல்லா ஊரும் பிடிக்கும். பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும் கனமழை. சில ஆண்டுகளில் அதே சமயம் சுமத்ராவில் காடு எரியும் புகை வந்து மூடும். 2015இலும் 2019இலும் அது கடுமையாக இருந்தது. ஆஸ்துமா உள்ளவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்கவேண்டும். ஐரோப்பியக் கடலோரத்தில் இரண்டு மோசமான காலம் உண்டு. ஆகஸ்டில் பேருந்தில் நிற்க இடம் கிடைக்காது, வாடகை எகிறும். ஜனவரியிலோ சிற்றூர்களில் பாதிக் கடைகள் கதவடைத்திருக்கும், கோடையில் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்த பேருந்து மணிக்கு ஒன்றாகும். அதனால் உல்லாசப் பயணிகளை மட்டும் நம்பிய சிற்றூரைவிட, பள்ளியும் சந்தையும் அலுவலகங்களும் உள்ள உண்மையான நகரமே கார் இல்லாதவருக்கு ஏற்றது. அலிகான்டேயும் மாலகாவும் ஜார்ஜ்டவுனும் அப்படிப்பட்டவை.

கடல் எதற்கு?

இதை மனம் திறந்து பேசிக்கொள்ளுங்கள். பினாங்கின் கிழக்குக் கடற்கரையும் கர்னி டிரைவும் நடக்க, உட்கார, காற்று வாங்க. இறங்கிக் குளிக்க அல்ல. வடக்குக் கடற்கரையில் குளிக்கலாம், ஆனால் சொறி மீன் தொல்லை உண்டு, எச்சரிக்கைப் பலகையைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. தினமும் நீந்தவேண்டும் என்பவர்கள் மத்தியதரைக் கடல் பக்கம் பார்ப்பதே நல்லது. அலிகான்டேயில் போஸ்டிகெட் கடற்கரை நகரின் நடுவிலேயே இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பினாங்கில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. தரைத்தள வீட்டைக் கடலின் விளிம்பில் எடுக்காதீர்கள். உயரமான இடத்துக்கு நடந்தே போகும் வழி எது என்று வந்த முதல் வாரமே பார்த்துவையுங்கள்.

வீட்டுக்குள்

மின்தூக்கி ஒன்றுக்கு இரண்டாக இருக்கவேண்டும். ஒன்று பழுதானால் நான்காவது மாடியும் சிறைதான். பழைய ஐரோப்பியக் கட்டடங்களில் மின்தூக்கி தொடங்கும் இடமே நாலைந்து படிக்கு மேலே இருக்கும், அதையும் எண்ணுங்கள். குளியலறையில் தொட்டியா, சமதரையா என்று பாருங்கள். கடலை நேரே பார்க்கும் வீட்டில் உப்புக்காற்று ஏசியையும் ஜன்னல் கீல்களையும் அரித்துவிடும், அலமாரித் துணியில் பூஞ்சை பிடிக்கும். இரண்டு தெரு உள்ளே தள்ளி எடுத்தால் வாடகையும் குறையும், இந்தத் தொல்லையும் குறையும்.

வலியை எந்த மொழியில் சொல்வீர்கள்?

மருத்துவமனைக்கு இரண்டு ஒத்திகை வேண்டும். ஒன்று, சர்க்கரைப் பரிசோதனைக்குப் போவதுபோல் காலையில் வெறும் வயிற்றில் பேருந்தில் போய்த் திரும்புவது. மற்றது, இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் யாரை அழைப்பது, எவ்வளவு நேரத்தில் வருவார்கள், எந்த வாசலில் விடுவார்கள் என்று தெரிந்துகொள்வது. மலேசியாவில் அவசர எண் 999, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112. அடுக்குமாடிக் காவலரிடம் ஆம்புலன்ஸ் எந்தக் கதவு வழியாக உள்ளே வரும் என்று கேட்டு வையுங்கள். இரவில் அந்தக் கதவு பூட்டியிருக்கக்கூடும்.

பினாங்கின் பெரிய வசதி இதுதான். அட்வென்டிஸ்ட், கிளெனீகிள்ஸ், லோ குவான் லை, ஐலண்ட் என்று தனியார் மருத்துவமனைகள் புலாவ் திக்குஸிலும் அதையொட்டிய தெருக்களிலுமே இருக்கின்றன. சிகிச்சைக்காக இந்தோனேசியாவிலிருந்து வருவோர் ஏராளம். அவ்வளவு மருத்துவர்கள் அவ்வளவு பக்கத்தில்.

நாங்கள் அலிகான்டேயைத் தேர்ந்தெடுக்காமல் இங்கே வந்த காரணமும் இங்கேதான் இருக்கிறது. என் கணவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் சிங்கப்பூரில் அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்தபோது அவர் பேசியது தமிழ் மட்டுமே. பக்கத்தில் இருந்த செவிலி தமிழ்ப் பெண், "என்ன ஐயா வேணும்?" என்று கேட்டாள். எனக்கு அது மறக்கவில்லை. முதுமையில் மறதி வந்தால் பின்னால் கற்ற மொழிகள் முதலில் நழுவும் என்று பலரிடம் பார்த்திருக்கிறேன். தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் கடலோர நகரம் பினாங்கு. குவீன் தெரு மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அதற்கும் முந்தியது, தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. 1816இலேயே பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிவிட்டது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளில் ஏறும் கூட்டத்தைப் பார்த்தால் வெளிநாடு என்றே தோன்றாது. மருந்துக்கடையிலும் சந்தையிலும் மருத்துவமனையிலும் தமிழ் பேச ஒருவர் அகப்படுவார். ஸ்பானிஷ் மொழியை 60 வயதில் ஆர்வத்தோடு கற்பவர்களை நான் மதிக்கிறேன். உங்களால் முடியுமானால் அலிகான்டே அருமையான ஊர். முடியாது என்று தெரிந்தால் அதை இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள்.

அனுமதியும் பணமும்

விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கீழே உள்ளவற்றைத் தோராயமான அளவாக எடுத்துக்கொண்டு, விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசுத் தளத்தில் சரிபாருங்கள்.

மலேசியாவில் நீண்டகாலம் தங்க எம்எம்2எச் என்னும் 'மலேசியா என் இரண்டாவது வீடு' திட்டம். 2024 விதிப்படி கீழ்ப்படியான வெள்ளிப் பிரிவுக்கு 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, ஐந்தாண்டு அனுமதி, குறைந்தது 6,00,000 ரிங்கிட்டுக்கு வீடு வாங்கவேண்டும். தங்கப் பிரிவுக்கு 5,00,000 டாலர், 15 ஆண்டு, 10 லட்சம் ரிங்கிட் வீடு. உரிமம் பெற்ற முகவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். கவனிக்கவேண்டியது, வீடு வாங்குவது கட்டாயம் என்பதும் வாங்கிய வீட்டைப் பத்தாண்டு விற்க முடியாது என்பதும். அதனால்தான் விண்ணப்பத்துக்கு முன்பே ஒத்திகையை முடித்துவிடச் சொல்கிறேன். தவறான வாசலை வாங்கிவிட்டால் பத்து ஆண்டு அதே வாசல்தான். பினாங்குத் தீவில் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாநில அரசின் கீழ்விலை வரம்பு தனியாக உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒத்திகைக்கு இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. அது காலக்கெடு வைத்த சலுகை, புறப்படும் முன் உறுதி செய்யுங்கள்.

இவ்வளவு தொகை எல்லோராலும் முடியாது. தாய்லாந்தில் 50 வயது கடந்தவர்க்கு வங்கியில் 8,00,000 பாத் அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்டினால் ஓராண்டு ஓய்வுக்கால அனுமதி கிடைக்கும். 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்கவேண்டும். ஸ்பெயினில் வேலை செய்யாமல் தங்குவதற்கான அனுமதிக்கு 2025 கணக்கில் ஒருவருக்கு ஆண்டுக்கு 28,800 யூரோ, துணைவருக்குக் கூடுதலாக 7,200 யூரோ வருமானமும் தனியார் மருத்துவக் காப்பீடும் காட்டவேண்டும். போர்ச்சுகலில் ஓய்வூதியம் போன்ற வருமானத்தில் வாழ்வோருக்கான டி7 அனுமதிக்கு அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியமே அளவு. 2025இல் அது மாதம் 870 யூரோ.

இந்தியாவிலிருந்து பணம் கொண்டுபோக ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்தான் வரம்பு. இந்திய மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் எல்லை தாண்டினால் செல்லாது. புதுக் காப்பீடு எடுக்க வயது வரம்பு இருக்கும், 70க்குப் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடும். ஊரை முடிவு செய்வதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

செலவுக் கணக்கில் காருக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை டாக்சிக்கு என்று தனியே எடுத்து வையுங்கள். கார் இல்லை என்றால் டாக்சியிலும் ஏறக்கூடாது என்று பொருளல்ல. மழை கொட்டும் இரவில் பேருந்துக்காக நிற்கவேண்டியதில்லை. அந்தப் பணம் தனியாக இருந்தால் மனம் கணக்குப் பார்க்காமல் ஏறும்.

ஒத்திகை மாதத்தின் கடைசி வாரம்: தனித்தனியாக ஒரு நாள்

இதை எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். நாம் இருவராகப் போய் இருவராக நடந்து இருவராக முடிவெடுக்கிறோம். ஒரு நாள் அந்த ஊரில் ஒருவர் மட்டும் இருப்பார். வெளிநாட்டு மண்ணில், பிள்ளைகள் வேறு நாட்டில், கார் இல்லாமல். அந்த நாளுக்கும் அந்த ஊர் தாங்கவேண்டும்.

கடைசி வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை பிரிந்திருங்கள். அவசரம் என்றால் தவிர கைபேசியில் பேசிக்கொள்ளாதீர்கள். வழக்கமாக வழி கேட்பவர் யாரோ, பணம் எண்ணுபவர் யாரோ, அவர் இன்று உடன் இல்லை. ஒவ்வொருவரும் சந்தைக்குப் போய்ச் சமைக்க வாங்கவேண்டும், மருத்துவமனை வரவேற்பில் போய் ஒரு முன்பதிவு பற்றிக் கேட்டுவரவேண்டும், வங்கியோ அஞ்சலகமோ ஒரு வேலை முடிக்கவேண்டும், ஒரு வேளை வெளியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடவேண்டும். கடைசியில் சொன்னதுதான் பலருக்குக் கடினம்.

மாலையில் ஒருவருக்கொருவர் ஒரே கேள்வி: "நான் இல்லாவிட்டால் இங்கே இருப்பீர்களா?" பதில் 'இல்லை' என்றால் விவாதிக்காதீர்கள். மற்றவருக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்த ஊரை விட்டுவிடுங்கள்.

பினாங்குக்கு முன் தாய்லாந்தின் ஹுவா ஹின்னில் இரண்டு வாரம் இருந்தோம். பாங்காக்கிலிருந்து ரயிலிலேயே போய் இறங்கலாம், நிலையத்திலிருந்து கடற்கரை நடந்து போகும் தூரம், செலவும் கட்டுப்படியாகும். அதிகாலையில் அந்த மணலில் நடப்பது என் கணவருக்கு உயிர். தனி நாளன்று நான் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே எல்லோரும் அன்பாக இருந்தார்கள். மொழிபெயர்ப்பு செயலியைக் கையில் பிடித்தபடி என் மூட்டு வலியைச் சொல்ல முயன்றேன். அது எங்கே, எப்போது, எப்படி வலிக்கிறது என்று என்னால் புரியவைக்க முடியவில்லை. மாலையில் அவர் கேட்டபோது 'இல்லை' என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. பையிலிருந்து பட்டியலை எடுத்து அந்த ஊரின் பெயரை அடித்துவிட்டு, மறுநாள் காலை எத்தனை மணிக்கு நடக்கப் போகலாம் என்று கேட்டார். மீதி நாள்கள் முழுக்க அவரோடு அந்த மணலில் நடந்தேன்.